மூளை ஸ்கேன் ஆய்வுக்குப் பிள்ளையைக் கூப்பிட்டால்: ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகளின் மூளையை எம்.ஆர்.ஐ.யில் படம் எடுத்து ஆய்வு செய்கிறார்கள், உங்கள் பிள்ளையைச் சேர்க்கிறீர்களா என்று டாக்டர் கேட்கிறார். அல்லது தெரபி சென்டர் வாட்ஸ்அப் குழுவில் அப்படி ஓர் அறிவிப்பு வருகிறது. மதுரைப் பக்கத்து வீடுகளில் உடனே இரண்டு பேச்சு கிளம்பும். "ஸ்கேன் எடுத்தா என்ன ஏதுன்னு தெரிஞ்சிரும்ல" என்பார் அப்பா. "பச்சப்புள்ளைய மிஷினுக்குள்ள தூக்கிப் போடவா?" என்பார் அப்பத்தா. அப்பா எதிர்பார்ப்பது கிடைக்காது. அப்பத்தாவின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

நான் ஆட்டிசம் பிள்ளைகளோடு வேலை பார்க்கும் சிறப்பாசிரியர், டாக்டர் இல்லை. ஸ்கேனுக்குப் பிள்ளைகளைப் பழக்கும் வேலை எங்களைப் போன்றவர்கள் தலையில்தான் விழும் என்பதால் இந்த விஷயத்தைத் தேடிப் படித்து வைத்திருக்கிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வுகளில் சேர்வது நல்ல காரியம். ஆனால் உங்கள் பிள்ளைக்கு அதனால் நேரடியாக எதுவும் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு சேருங்கள். மயக்க மருந்து இல்லாமல், பிள்ளையைக் கட்டாயப்படுத்தாமல் முடியும் என்றால் மட்டும் சேருங்கள்.

படி 1: எந்த ஸ்கேன் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று ஸ்கேன் பார்த்துச் சொல்ல முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, மற்ற பிள்ளைகளோடு எப்படிப் பழகுகிறது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறதா என்று பிள்ளையைப் பார்த்தும் பெற்றோரிடம் கேட்டும்தான் முடிவுக்கு வருகிறார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு நம் நாட்டில் பயன்படுத்தும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70 முதல் 106 வரை வந்தால் லேசான ஆட்டிசம், 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். அந்த நாற்பதில் ஒன்றுகூட ஸ்கேனைப் பற்றியது கிடையாது.

"டீச்சர், ரிப்போர்ட்ல நார்மல்னு போட்ருக்கு, அப்ப ஆட்டிசம் இல்லைதான?" என்று கேட்காத அம்மா குறைவு. ஆட்டிசம் உள்ள பெரும்பாலான பிள்ளைகளின் எம்.ஆர்.ஐ. சாதாரணமாகத்தான் இருக்கும். அந்த ஸ்கேனில் பார்த்தது கட்டி, நீர்க்கோர்ப்பு, பிறப்பின்போது ஏற்பட்ட சேதம் போன்றவை இருக்கின்றனவா என்பதைத்தான்.

அப்படியானால் டாக்டர் ஏன் ஸ்கேன் எழுதிக் கொடுக்கிறார்? சில காரணங்கள் உண்டு. வலிப்பு வந்திருக்கலாம். தலை வயதுக்கு மீறிப் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கலாம். ஒரு பக்கக் கைகால் பலவீனமாக இருக்கலாம். தோலில் இலை வடிவத்தில் வெளுத்த திட்டுகள் தெரிந்து, டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயைச் சந்தேகிக்கலாம். கற்றதை எல்லாம் பிள்ளை வேகமாக இழந்துகொண்டு வரலாம். இவை இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். இவை எதுவும் இல்லாமல், பேச்சு வரவில்லை என்பதற்காக மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தேவையில்லை. பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுக்காமல் ஸ்கேன் ஃபிலிமோடு அலையும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன், எரிச்சலாக இருக்கும்.

இன்னொரு வகையும் இருக்கிறது: விற்பனைக்கான ஸ்கேன். சிவப்பும் நீலமுமாக ஒரு மூளைப் படத்தைக் காட்டி, "இந்த இடம் வேலை செய்யலை, நாங்க சரி பண்ணுவோம்" என்பார்கள். பெட் ஸ்கேன் படத்தைக் காட்டி ஸ்டெம் செல் ஊசி போடுகிறவர்களும் உண்டு. பெட் ஸ்கேனுக்குக் கதிரியக்கம் கலந்த மருந்தைப் பிள்ளையின் உடம்பில் ஏற்ற வேண்டும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. அந்த வண்ணங்களைக் கம்ப்யூட்டரில் மனிதர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த அளவுக்கு மேல் சிவப்பு என்று கோட்டை மாற்றினால் படமும் மாறும்.

நாம் பேசப்போவது இந்த இரண்டிலும் சேராத ஆய்வு ஸ்கேனைப் பற்றி. உங்கள் பிள்ளையைப் பற்றி முடிவு சொல்வது அதன் நோக்கம் இல்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் படங்களைச் சேர்த்து, சராசரியில் என்ன வித்தியாசம் இருக்கிறது என்று பார்ப்பதற்காக எடுப்பது.

படி 2: எதைத் தேடுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

1943-இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் முதன்முதலாக ஆட்டிசத்தை விவரித்து எழுதியபோது, அவர் பார்த்த 11 பிள்ளைகளில் 5 பேருக்குத் தலை சற்றுப் பெரிது என்று குறித்துவைத்தார். 2003-இல் அமெரிக்க ஆய்வாளர் எரிக் கோர்ஷேனின் குழு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குழந்தைப்பருவத் தலைச்சுற்றளவுப் பதிவுகளைத் தேடி எடுத்து, முதல் வருடத்தில் தலை வேகமாக வளர்ந்திருக்கிறது என்று காட்டியது. அப்போதிருந்து கேள்வி ஒன்றுதான்: பிள்ளை பேசுமா பேசாதா என்று தெரிவதற்கு முன்பே, மூளை வளர்கிற விதத்தில் ஏதாவது தெரியுமா?

இதற்கு அமெரிக்காவில் ஐபிஸ் என்ற ஆய்வுக் கூட்டமைப்பு ஒரு வழியைக் கையாண்டது. ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் கைக்குழந்தைகளைச் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் வரும் என்பது தெரிந்த கணக்கு. 6, 12, 24 மாதங்களில் தூங்கும்போது ஸ்கேன் எடுத்து, இரண்டு வயதில் யாருக்கு ஆட்டிசம் என்று பார்த்தார்கள். 2017-இல் ஹீதர் ஹாஸ்லெட் முதன்மை ஆசிரியராக வெளியிட்ட முடிவு இது: பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளுக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் மூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளி அடுக்கின், பரப்பு வேகமாக விரிந்தது, இரண்டாவது வருடத்தில் மூளையின் கன அளவு கூடியது. அந்த அளவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தபோது, ஆட்டிசம் வந்தவர்களில் 88 சதவீதம் பேரை முன்கூட்டியே சரியாகச் சொன்னது. வராதவர்களில் 95 சதவீதம் பேரை வராது என்று சரியாகவே ஒதுக்கியது.

செய்தித்தாளில் இது "ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்கும் ஸ்கேன்" என்று வந்துவிடும். இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போடுங்கள். அதே கருவியை எல்லாக் குழந்தைகளுக்கும் பயன்படுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 10,000 குழந்தைகள், நூறில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று எடுத்துக்கொண்டால் 100 பேர். அதில் 88 பேரைப் பிடித்துவிடும். மீதி 9,900 பேரில் 5 சதவீதம், அதாவது 495 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆக "ஆட்டிசம்" என்று சொல்லப்பட்ட 583 பேரில் உண்மையில் ஆட்டிசம் உள்ளவர்கள் 88 பேர்தான். ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆய்வு பொய் சொல்லவில்லை. ஐந்தில் ஒருவருக்கு வாய்ப்புள்ள குடும்பங்களில் கிடைத்த கணக்கை ஊருக்கே பொருத்தினால் இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு கைக்குழந்தையையும் இரண்டு தடவை ஸ்கேன் எடுக்க எத்தனை மிஷின் வேண்டும் என்ற கேள்வி தனி.

அதே வருடம் அதே கூட்டமைப்பில் இன்னொரு ஆய்வும் வந்தது. தூங்கும் 59 ஆறு மாதக் குழந்தைகளின் மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று பார்த்து, பின்னாளில் ஆட்டிசம் உறுதியான 11 பேரில் 9 பேரைச் சரியாகச் சொன்னார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது 11 குழந்தைகள். பெரிய வயதினருக்குப் போனால் கணக்கு இறங்கிவிடுகிறது. 2012-இல் வெளியான ஏபைட் என்ற பொதுத் தொகுப்பில் 1,112 பேரின் படங்கள் இருக்கின்றன; 7 வயது முதல் 64 வயது வரை, பாதிப் பேர் ஆட்டிசம் உள்ளவர்கள். பல மிஷின்களில் எடுத்த அந்தப் படங்களை வைத்து ஆட்டிசமா இல்லையா என்று பிரிக்கச் சொன்னால், நன்றாகப் பழக்கிய கம்ப்யூட்டரும் 70 சதவீதம் என்ற அளவில்தான் சரியாகச் சொல்கிறது. காசு சுண்டினாலே 50 வரும்.

சராசரி வித்தியாசம் என்பது உண்மையாக இருந்தாலும் ஒரு பிள்ளைக்குப் பொருந்தாமல் போகும். ஆண்கள் சராசரியில் பெண்களைவிட உயரம். அதற்காக ஐந்தரை அடி என்று மட்டும் சொன்னால் ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூளையின் அளவும் அப்படியே. ஆட்டிசம் உள்ள பையன்களில் உடல் அளவுக்கு மீறிப் பெரிய மூளை உள்ளவர்கள் ஏறக்குறைய 15 சதவீதம் என்று கலிஃபோர்னியாவின் மைண்ட் நிறுவனத்தில் டேவிட் அமரால் குழு கண்டது. மீதி 85 சதவீதம் பேருக்கு அது இல்லை.

இன்னொரு சிக்கல் அசைவு. மூளை இயக்கத்தைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ.யில் தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தால்கூடக் கணக்கு மாறும். தொலைவில் உள்ள பகுதிகளுக்கு இடையே தொடர்பு குறைவாகவும், பக்கத்துப் பகுதிகளுக்கு இடையே அதிகமாகவும் காட்டும். 2012-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக இதைக் காட்டியபோது ஆய்வாளர்களுக்குப் பெரிய சங்கடம். ஆட்டிசத்தில் மூளைத் தொடர்பு இப்படித்தான் இருக்கிறது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். ஆட்டிசம் பிள்ளைகள் ஸ்கேனில் அதிகம் அசைவார்கள் என்றால், படத்தில் தெரிந்தது மூளையா, அசைவா? அன்றிலிருந்து அசைவைக் கணக்கில் எடுக்காத ஆய்வை யாரும் மதிப்பதில்லை. உங்கள் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும் என்று அவர்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது இதனால்தான்.

சரி, நம் பிள்ளைகள் ஏன் சேர வேண்டும்? இதுவரை உள்ள படங்களில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பியப் பிள்ளைகளுடையவை. அதிலும் நன்றாகப் பேசும், சொன்னால் அசையாமல் படுக்கும் பிள்ளைகள்தான் அதிகம். பேச்சே இல்லாத பிள்ளையும், அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்த பிள்ளையும் குறைவு. பெண்பிள்ளைகளும் குறைவு. ஆட்டிசம் மூளை என்று பாடப்புத்தகத்தில் வரப்போகும் படத்தில் உசிலம்பட்டிப் பிள்ளையும் இருக்கட்டும் என்பது என் ஆசை.

படி 3: கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் நீட்டினால், "தமிழ்ல குடுங்க சார், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லலாம். அது உங்கள் உரிமை. குழந்தைகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் தனி நெறிமுறைகள் வெளியிட்டது. அதன்படி பெற்றோர் ஒப்புதல் தவிர, 7 வயது முதல் பிள்ளையிடமும் வாய்மொழியாகச் சம்மதம் கேட்க வேண்டும். 12 வயதுக்கு மேல் எழுத்தில். 7 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை வாயால் வேண்டாம் என்று சொல்லாது. உடம்பை விறைத்துக்கொண்டு அழும். அதையும் மறுப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றைக் கட்டாயம் கேளுங்கள்:

- நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? அனுமதி எண்ணும், குழுவைத் தொடர்புகொள்ளும் விவரமும் படிவத்தில் இருக்கிறதா?
- மயக்க மருந்து கொடுப்பார்களா? நரம்பில் ஊசி உண்டா?
- படத்தில் எதிர்பாராத ஏதாவது தெரிந்தால் எங்களிடம் சொல்வார்களா? படத்தை ரேடியாலஜிஸ்ட் பார்ப்பாரா?
- பயணச் செலவு, தங்கும் இடம், துணைக்கு வருபவரின் செலவு யாருடையது?
- பாதியில் விலகினால் இங்கே நடக்கும் சிகிச்சை பாதிக்கப்படுமா? பாதிக்கப்படக் கூடாது, அதை எழுத்தில் பாருங்கள்.
- படங்களை வேறு நாட்டு ஆய்வாளர்களோடு பகிர்வார்களா? பகிர்ந்தால் பெயரோடு முகத்தையும் நீக்குவார்களா?

கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தோன்றும். தலையை எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூக்கு, கன்னம் எல்லாம் பதிவாகும். அதிலிருந்து பிள்ளையின் முகத்தையே கம்ப்யூட்டரில் உருவாக்க முடியும். அதனால் பொறுப்பான குழுக்கள் பகிர்வதற்கு முன் முகப் பகுதியை அழித்துவிடுகின்றன.

மயக்க மருந்து விஷயத்தில் நான் கறார். சிகிச்சைக்காக ஸ்கேன் தேவைப்பட்டு, அதற்கு டாக்டர் மயக்கம் கொடுத்தால் அது வேறு. ஆய்வுக்காக மட்டும் சின்னப் பிள்ளையை மயக்க வேண்டாம். பிள்ளைக்கு நேரடி நன்மை இல்லாத ஆய்வில் ஆபத்து மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் நெறிமுறை. சில இடங்களில், சிகிச்சைக்காக மயங்கியிருக்கும்போதே ஆய்வுக்கும் கூடுதலாகச் சில நிமிடம் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். எத்தனை நிமிடம், அதற்குக் கூடுதல் மருந்து வேண்டுமா என்று கேட்டு, தனி ஒப்புதல் இருந்தால் யோசியுங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது, சி.டி., பெட் ஸ்கேன்களில்தான் உண்டு. அப்பத்தாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

படி 4: வீட்டில் பழக்குங்கள்

இதற்குச் சில வாரம் வேண்டும். நாளைக்கே வாருங்கள் என்கிற குழுவுக்கு ஆட்டிசம் பிள்ளைகளைப் பற்றித் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் இயல்பான தூக்கத்தில் எடுப்பதுதான் வழி. மைண்ட் நிறுவனம் 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மயக்க மருந்தே இல்லாமல் நல்ல படம் எடுத்தது. அவர்களின் முறை சாதாரணமானது: பிள்ளை வழக்கமாகத் தூங்கும் ராத்திரி நேரத்தில் வரச் சொல்வது, வீட்டிலேயே சத்தத்தைப் பழக்கி வைப்பது, பெற்றோர் கூடவே இருப்பது.

நம் ஊரில் முதல் தடை தூளி. மூன்று வயது வரை தூளியில் ஆடித் தூங்கும் பிள்ளை, ஆட்டம் நின்றதும் முழித்துக்கொள்ளும். ஸ்கேன் மேசை ஆடாது. ஆகவே முதல் வாரம் தூளியிலிருந்து பாய்க்கு மாற்றுங்கள். தூங்கிய பிறகு தூக்கிப் பாயில் போடுவதிலிருந்து தொடங்கி, அப்புறம் அரைத்தூக்கத்தில், கடைசியில் பாயிலேயே தூங்க வையுங்கள். தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். தோளிலிருந்து மேசைக்கு மாற்றுவதுதான் அன்றைக்கு நடக்கப்போவது.

அடுத்தது சத்தம். எம்.ஆர்.ஐ. மிஷின் தட்டும், கதறும், ஒரே சீராக உறுமும். 100 டெசிபலைத் தாண்டும். மிக்ஸி போட்டாலே காதைப் பொத்தும் பிள்ளைக்கு இது லேசு இல்லை. ஆய்வுக் குழுவிடம் அவர்கள் மிஷினின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்குங்கள். வேறு மிஷின் சத்தம் வேறு மாதிரி இருக்கும். பிள்ளை நன்றாகத் தூங்கிய பிறகு போனில் மிக மெதுவாக ஓட விடுங்கள். முழிக்கவில்லை என்றால் மறுநாள் ஒரு புள்ளி கூட்டுங்கள். முழித்துக்கொண்டால் இரண்டு நாள் பழைய அளவிலேயே இருங்கள். போனைக் காதுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அறையின் மறு மூலையில் வையுங்கள். தூக்கத்தில் காதுப் பஞ்சும் ஹெட்ஃபோனும் மாட்டிப் பழக்குங்கள். பல பிள்ளைகள் சத்தத்தைவிட, காதில் ஏதோ தொடுகிறதே என்றுதான் எழுந்துகொள்கிறார்கள்.

சித்திரைத் திருவிழா, ஊர்ப் பொங்கல் சமயத்தில் இந்தப் பழக்கத்தைத் தொடங்காதீர்கள். தெருவில் மைக் செட் அலறும் வாரத்தில் எந்தப் பிள்ளையின் தூக்கத்தையும் நம்ப முடியாது.

ஐந்தாறு வயதுக்கு மேல், சொன்னால் கொஞ்சம் புரிந்துகொள்ளும் பிள்ளையை விழித்திருக்கும்போதே பழக்கலாம். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி போதும். இரண்டு பக்கமும் வெட்டித் திறந்தால் குகை. முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியில் தலை. மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் பெட்டிக்குள் நிம்மதியாகப் படுத்துவிட்டான், ஆனால் கையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தால் மட்டும். டம்ளரை எடுத்தால் கூரையைப் பிய்க்கிற மாதிரிக் கத்துவான். எம்.ஆர்.ஐ. மிஷின் ஒரு பெரிய காந்தம், அந்த அறைக்குள் டம்ளர் போக முடியாது. அவன் அம்மா கெட்டிக்காரி. டம்ளருக்குள் ஒரு மரக் கரண்டியைப் போட்டு இரண்டையும் சேர்த்தே கொடுக்கத் தொடங்கினார். பிறகு டம்ளர் பெட்டிக்கு வெளியே, கரண்டி கையில். அப்புறம் டம்ளர் அடுப்படியில். ஒரு மாதத்துக்குள் கரண்டியே போதும் என்றாகிவிட்டது. இன்றைக்கும் அந்தக் கரண்டியோடுதான் தெரபிக்கு வருகிறான்.

இன்னொன்று: கண்டதை வாயில் போடும் பிள்ளையா? நாணயம், பட்டன் பேட்டரி, காந்த பொம்மையின் துண்டு எதையாவது விழுங்கியிருக்கலாம் என்ற சிறு சந்தேகம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி, தலையில் நீர் வடிக்கும் ஷன்ட், பல்லுக்குப் போட்ட உலோக கேப் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

படி 5: ஸ்கேன் நாள்

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துக்குப் போவதென்றால் மதுரையிலிருந்து மைசூர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறுவீர்கள். காலையில் இறங்கிய அன்றைக்கே ஸ்கேன் வைத்துக்கொள்ளாதீர்கள். ரயில் தூக்கம் தூக்கம் இல்லை. ஒரு நாள் தங்கி, அந்த ஊரிலும் பிள்ளை அதன் நேரத்துக்குத் தூங்கட்டும். வீட்டுத் தலையணை உறை, வழக்கமான போர்வை கையோடு போகட்டும். பகலில் தூங்க விடாதீர்கள். ராத்திரி வழக்கமான தயிர்சோறு வயிறு நிறையக் கொடுங்கள். மயக்க மருந்து இருந்தால்தான் பட்டினி போட வேண்டும். அப்போது அவர்கள் சொல்லும் நேரத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். வலிப்பு மாத்திரையை எக்காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். சளி, காய்ச்சல் என்றால் தேதியை மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது உலோகம். 3 டெஸ்லா மிஷினின் காந்தம் பூமியின் காந்தத்தைவிட ஏறக்குறைய 60,000 மடங்கு வலுவானது. அது ஓடாத நேரத்திலும் காந்தம் அணையாது. பிள்ளையிடம் கழற்ற வேண்டியவை: கொலுசு, காப்பு, தோடு, அரைஞாண் கொடி, தாயத்து. அரைஞாண் கயிறு நூல்தானே என்பார்கள். அதில் கோத்த சின்னக் குப்பிதான் பிரச்சினை. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்பது சரி. ஆனால் கொக்கி இரும்பாக இருக்கலாம், உலோக வளையம் சூடாகலாம், படத்தையும் கெடுக்கும். கண்மை, கன்னத்துப் பொட்டு எல்லாம் துடைத்துவிடுங்கள். சிலவற்றில் உலோகத் துகள் இருக்கும். ஜிப், உலோக பட்டன் இல்லாத பருத்திச் சட்டை போதும்.

பிள்ளையோடு உள்ளே போகும் அம்மாவை யாரும் சரியாகச் சோதிப்பதில்லை. சேலையில் குத்திய ஊக்கு, தலையில் ஹேர்பின், தாலிக்கொடியில் மாட்டிய ஊக்கு, மெட்டி, இடுப்பில் சாவிக்கொத்து, முந்தானையில் முடிந்த சில்லறை. ஊக்கு இரும்பு; அது பறந்து போய்ப் பிள்ளை முகத்தில் குத்தும். தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் முன்கூட்டியே சொல்லி, அப்பாவை உள்ளே அனுப்புங்கள். எளிமையான வழி: அம்மா பட்டன், ஊக்கு இல்லாத நைட்டியில் வருவது. ஆஸ்பத்திரியில் நைட்டியா என்று யாராவது முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

பக்கத்து அறையில் தூங்க வைத்து, ஆழ்ந்த தூக்கம் வந்த பிறகு தூக்கிக்கொண்டு போவார்கள். மொத்தப் படமும் எடுக்க அரைமணி முதல் முக்கால் மணி வரை ஆகலாம். மூளையின் வடிவத்தை எடுக்க ஐந்தாறு நிமிடம் போதும். நரம்பு இழைகளில் நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்க்கும் படத்துக்கும், மூளையின் இயக்கத்தைப் பார்க்கும் படத்துக்கும்தான் கூடுதல் நேரம். எந்தப் படத்தை முதலில் எடுப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். பாதியில் முழித்துக்கொண்டாலும் முதல் படம் தேறும்.

முழித்து அழுதால் வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள். இன்னும் இரண்டே நிமிடம் என்பார்கள். இரண்டு நிமிடம் அழுதுகொண்டே எடுத்த படம் அவர்களுக்கும் பயன்படாது. பிள்ளை இனி ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே மிரளும். அதைச் சரிசெய்ய எங்களுக்கு மாதக்கணக்காகும்.

படி 6: ஸ்கேனுக்குப் பிறகு

ஆய்வு முடிவு உங்கள் கைக்கு வராது. வந்தால் சில வருடம் கழித்து ஒரு கட்டுரையாக வரும். பிள்ளையின் படங்கள் அடங்கிய சி.டி. தருவார்களா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏதாவது தெரிந்ததாகச் சொன்னால் பதறாதீர்கள். அரக்னாய்டு சிஸ்ட் (மூளையைச் சுற்றிய உறையில் நீர் நிறைந்த பை), மெகா சிஸ்டர்னா மேக்னா (மூளையின் பின்பக்கம் நீர் இருக்கும் இடம் பெரிதாக இருப்பது) போன்ற பெயர்கள் ரிப்போர்ட்டில் வரும். எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளைகளிடமும் இவை தற்செயலாகத் தெரிவதுண்டு. மயலினேஷன் (நரம்பு இழைகளைச் சுற்றி உறை வளர்வது) தாமதம், மூளையில் வெள்ளைப் பகுதிச் சேதம் என்று எழுதியிருந்தால் குழந்தைகள் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். போகும்போது ஃபிலிமை மட்டும் கொண்டுபோகாமல் சி.டி.யையும், பிரசவ கால டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துப் போங்கள். டாக்டர் அந்தப் படத்தைப் பிறப்பின்போது நடந்ததோடு சேர்த்துத்தான் பார்ப்பார்.

சேர்ந்த நாளிலிருந்து ஸ்கேன் நாள் வரை தெரபியை நிறுத்தி வைக்காதீர்கள். "ஸ்கேன் முடியட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்று மூன்று மாதம் வீணாக்கிய வீடுகள் உண்டு. ஸ்பீச் தெரபியோ ஆக்குபேஷனல் தெரபியோ ஸ்கேன் முடிவைப் பொறுத்து மாறாது. மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் பதிந்திருந்தால் அந்தத் தேதிகளையும் விடாதீர்கள்.

பிள்ளை எப்படி வளர்கிறது என்று பார்க்கும் ஆய்வுகள் ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து மறுபடி கூப்பிடும். அவர்களுக்கு அந்த இரண்டாவது படம்தான் முக்கியம்; வளர்ச்சியை ஒரே படத்தில் பார்க்க முடியாது. போன் நம்பர் மாறினாலோ, வேலைக்காகத் திருப்பூரோ சென்னையோ போய்விட்டாலோ ஒரு தகவல் சொல்லுங்கள். இரண்டாவது தடவை வேண்டாம் என்று தோன்றினாலும் அதையும் போனில் சொல்லிவிடலாம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.